நுரைக்கு வண்ணம் கிடையாது

பாறைக் கடற்கரையை நீர்வண்ணத்தில் தீட்டியவர்களில் வின்ஸ்லோ ஹோமருக்கு நிகராக நான் யாரையும் சொல்லமாட்டேன். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மேய்ன் மாநிலத்தில், ப்ரௌட்ஸ் நெக் என்றொரு பாறைமுனை இருக்கிறது. 1883இல் அங்கே குடியேறியவர், 1910இல் கண்மூடியதும் அங்கேதான். அவருக்குப் பெரும்புகழ் தந்தவை கடலை வரைந்த எண்ணெய் வண்ண ஓவியங்கள். ஆனாலும் அலை பாறையில் மோதிச் சிதறும் கணம் அவருடைய தாள்களில் துடிப்பதுபோல் கான்வாஸில் துடிக்கவில்லை என்பது என் கட்சி.

எண்ணெய் வண்ணத்தில் நுரை வேண்டுமென்றால் வெள்ளையைக் குழைத்து மேலே அப்பிவிடலாம். நீர்வண்ணத்தில் தாளின் வெண்மைதான் வெள்ளை. அதை முதலிலேயே விட்டுவைக்க வேண்டும். அதனால் ஓவியர் நுரையைத் தொடுவதே இல்லை. அதைச் சுற்றியுள்ள பாறையைத்தான் தீட்டுகிறார். கரும்பாறை எந்த ஓரத்தில் நிற்கிறதோ அங்கே அலை பிறக்கிறது.

அந்த ஓரத்தில்தான் எல்லா வித்தையும். ஈரத்தாளில் தூரிகை பட்டால் வண்ணம் கசிந்து பரவி, காற்றில் பறக்கும் சாரலாகிறது. காய்ந்த தாளில் பட்டால் ஓரம் கறாராக நின்று, பாறையின் உடைந்த முகமாகிறது. தூரிகையில் நீரைக் குறைத்து, அடர்ந்த வண்ணத்தைச் சொரசொரப்பான தாளின்மேல் சாய்வாக இழுத்தால் மேடுகளில் மட்டும் ஒட்டும். குழிகள் வெள்ளைப் புள்ளிகளாக மினுங்கும். அலை வழிந்திறங்கிய பாறையின் பளபளப்பு அப்படித்தான் வருகிறது. இவை எல்லாவற்றுக்கும் நேரம் பார்க்கத் தெரிய வேண்டும். பாதி காய்ந்த வண்ணத்தில் ஒரு சொட்டு நீர் கூடினாலும் திட்டுத்திட்டாகப் பூத்துவிடும்.

ஹோமர் இதோடு நிற்கவில்லை. காய்ந்த வண்ணத்தை மறுபடி நனைத்து ஒற்றியெடுத்தார். அதுவும் போதாத இடத்தில் கத்தி முனையால் தாளையே சுரண்டினார். அலையுச்சியில் தெறிக்கும் துளிகள் பல அப்படிப் பிறந்தவை. சுரண்டிய இடத்தில் நார் கிளம்பிவிடும். அதன்மேல் மறுபடி வண்ணம் வைத்தால் உறிஞ்சி இருண்டுபோகும். திருத்தவே வழியில்லாத காரியம் அது. இந்தத் துணிச்சல் அவருக்கு எங்கிருந்து வந்தது? இளமையில் பாஸ்டனில் ஒரு கல்லச்சுப் பட்டறையில் தொழில் பழகியவர், பிறகு ஹார்ப்பர்ஸ் வீக்லி பத்திரிகைக்கு ஆண்டுக்கணக்கில் படம் வரைந்தார். அந்தப் படங்களைச் செதுக்குநர்கள் மரக்கட்டையில் வெட்டி அச்சுக்குத் தந்தார்கள். மரச்செதுக்கில், வெட்டி நீக்கிய இடமே வெள்ளையாக விழும். வெள்ளையை எடுத்துப் பெற வேண்டும் என்பது அங்கேயே அவர் கைக்குப் பழகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

'ப்ரௌட்ஸ் நெக், பிரேக்கர்ஸ்' (1883), 'பிரேக்கிங் ஸ்டார்ம், மேய்ன் கோஸ்ட்' (1894) என்ற அவருடைய நீர்வண்ண ஓவியங்கள் இரண்டும் சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கின்றன. வெளிச்சம் நீர்வண்ணத்துக்குப் பகை. அவருடைய வேறு சில ஓவியங்களில் வானத்துச் சிவப்பு வெளிறிப்போனதை அந்தக் கலைக்கூடத்தின் பாதுகாப்பு வல்லுநர்களே கண்டறிந்தார்கள். அதனால் இத்தகைய தாள்களை அதிக நாள் சுவரில் வைப்பதில்லை. நேரில் போனாலும் காணக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கலைக்கூடத்தின் இணையதளத்தில் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. திறந்ததும் கடலைப் பார்க்காதீர்கள். பாறையும் நுரையும் தொடும் இடத்தை முடிந்த மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். புத்தக அச்சில் அந்த ஓரங்களும் கத்தித் தடமும் சரியாகத் தெரிவதில்லை.