பூட்டு போடும் கலை

பதினாறு கோர் உள்ள சர்வரில் ஒரே ஒரு கோர் நூறு சதவீதத்தில் திணற, மற்றவை சும்மா இருக்கும். இணையத் தொலைபேசி நடத்துகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. வேலையைப் பிரிக்கத் தெரியாத மென்பொருளுக்கு எத்தனை கோர் கொடுத்தாலும் வீண்தான். பிரித்த விதத்துக்காகவே நான் ரசித்து வாசிக்கும் நிரல் ஒன்று உண்டு: 2001-இல் பெர்லினின் ஃபிரௌன்ஹோஃபர் ஃபோகஸ் ஆய்வகத்தில் பிறந்த சிப் எக்ஸ்பிரஸ் ரவுட்டர். சிப் என்பது இணைய அழைப்புகளை இணைக்கவும் துண்டிக்கவும் உதவும் நெறிமுறை. இன்றைய கமாய்லியோ அந்த ரவுட்டரின் வாரிசு.

அந்த நிரல் திரெட்டுகளை நம்பி எழுதப்படவில்லை. தொடங்கும்போதே தன்னைப் பல பிராசஸ்களாகப் பிரித்துக்கொள்கிறது. எல்லாம் ஒரே யுடிபி வாசலில் காத்திருக்கும். பாக்கெட் வந்ததும் ஓய்வாக இருக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளும். ஆளுக்கு இவ்வளவு என்று பங்கிட்டுத் தர மேஸ்திரி கிடையாது. ஒவ்வொன்றுக்கும் சொந்த நினைவகம் உண்டு. அதில் எழுத யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நடந்துகொண்டிருக்கும் பரிமாற்றங்கள், பயனர்களின் இருப்பிட முகவரிகள் போல எல்லோருக்கும் வேண்டியவை மட்டும் பொது நினைவகத்தில்.

பொது இடமென்றால் பூட்டு வேண்டும். அழகு அங்கேதான் இருக்கிறது. அங்கே இருக்கும் அட்டவணை முழுவதற்கும் ஒரே பூட்டைப் போட்டிருந்தால் பதினாறு கோரும் வரிசையில் நின்றிருக்கும். இவர்கள் அட்டவணையைச் சிறு சிறு கட்டங்களாக்கினார்கள். அழைப்பின் அடையாளத்தை ஹாஷ் செய்தால் அதற்குரிய கட்டம் தெரியும். அந்தக் கட்டத்தை மட்டும் ஒரு கணம் பூட்டினால் போதும். சென்னையில் ஒருவர் பேசுவதற்கும் மதுரையில் இன்னொருவர் பேசுவதற்கும் சம்பந்தமே இல்லை என்ற சாதாரண உண்மையை நிரல் முழுக்க மதித்திருக்கிறார்கள்.

குறையும் உண்டு. ஒரு பிராசஸ் தரவுத்தளத்தின் பதிலுக்காக நின்றால் நின்றதுதான். எல்லாம் அப்படி நின்றுவிட்டால், கோர்கள் காலியாக இருக்கும்போதே பாக்கெட் எடுக்க ஆளிருக்காது. அதனால்தான் கோர்களைவிட அதிக எண்ணிக்கையில் பிராசஸ்களைப் பலரும் வைக்கிறார்கள்.

மார்க் ஸ்பென்சர் 1999-இல் தொடங்கிய ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருள் வேறு வழியில் போனது. அழைப்புக்கொரு திரெட் என்று தாராளம் காட்டியது. ஆனால் அதன் பழைய சிப் பகுதி, யுடிபியில் வரும் செய்திகளையெல்லாம் ஒரே திரெட்டில்தான் வாங்கியது. 2013-இல் வந்த 12-ஆம் பதிப்பு அந்த முடிச்சை அவிழ்த்த விதம் நேர்த்தியானது. திரெட்டுகள் ஒரு குழுவாக இருக்கும். ஓர் அழைப்பின் செய்திகள் வந்த வரிசையில் ஒவ்வொன்றாகவே கையாளப்படும். வெவ்வேறு அழைப்புகள் ஒரே சமயத்தில் நடக்கும். வரிசை ஏன் என்றால், அழைப்பை இணைக்கும் செய்திக்கு முன் துண்டிக்கும் செய்தி ஓடிவிடக் கூடாதல்லவா?

நியாயமாகச் சொன்னால் கமாய்லியோவின் பாரம் இலகுவானது. அது அழைப்பை வழிநடத்துமே தவிர, குரலைச் சுமப்பதில்லை. ஆஸ்டெரிஸ்க் சுமக்கிறது. ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் 20 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட், அதாவது ஒரு திசையில் விநாடிக்கு 50. குரல் சர்வர் வழியே போனால் 1,000 அழைப்புக்கு விநாடிக்கு ஒரு லட்சம் பாக்கெட் உள்ளே வரும், ஒரு லட்சம் வெளியே போகும். நெட்வொர்க் கார்டின் இன்டரப்டுகள் எல்லாம் ஒரே கோரில் விழுந்தால், மேலே எவ்வளவு நுட்பமாகப் பிரித்திருந்தாலும் குரல் உடையும். கார்டின் வரிசைகளைப் பல கோர்களுக்குப் பகிர்ந்துவிடுவது முதல் வேலை. குரல் பாக்கெட்டுகளைக் கைமாற்றும் ஆர்டிபிஎஞ்சின் என்ற மென்பொருள் இன்னும் கீழே இறங்கி, அவற்றை லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே கடத்திவிடுகிறது. பெரும்பாலானவை நிரலின் பூட்டுகள் பக்கமே வருவதில்லை.