தனி வெட்டப்பட்ட கச்சேரிகள்

கர்நாடக இசைப் பித்துள்ள இருவர் சந்தித்தால், போன வாரம் எந்த சபாவில் யார் பாடினார் என்ற பேச்சு பிறகுதான் வருகிறது. 'அந்த மதுரை மணி கச்சேரி கேட்டீங்களா?' என்பதுதான் முதல் கேள்வி. மதுரை மணி ஐயர் மறைந்தது 1968இல். அரியக்குடி அதற்கு முந்தைய ஆண்டே போய்விட்டார், ஜி.என்.பி. 1965இல். ஆனாலும் சீசனில் மேடையேறுபவர்களைவிட இவர்களுக்குத்தான் இன்று காதுகள் அதிகமோ என்று தோன்றுகிறது. செவிப்பொறியில் ஓடுவது பெரும்பாலும் கம்பெனிகள் வெளியிட்ட தட்டுகள் அல்ல. யாரோ ஒரு ரசிகர் சபாவிலோ கல்யாணப் பந்தலிலோ வீட்டுக் கூடத்திலோ ஸ்பூலில் பிடித்து வைத்த கச்சேரி, கேசட்டுக்கு மாறி, கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்து, இப்போது யூடியூப்பிலும் வாட்ஸ்அப்பிலும் உலவுகிறது.

இந்தப் பழக்கத்தைப் பழம்பெருமை என்று ஒதுக்கிவிட முடியாது. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிடம் பாடலாம், அவ்வளவுதான். பல்லவி, அனுபல்லவி, சரணம் மூன்றையும் அதற்குள் திணித்து, இடம் மிஞ்சினால் இரண்டு ஆவர்த்தம் ஸ்வரம். ஜி.என்.பி.யின் 'வாசுதேவயனி' தட்டு அந்தக் காலத்தில் வீடு வீடாக ஒலித்தது என்றாலும் அதை வைத்து அவர் கல்யாணியை எப்படி விரித்திருப்பார் என்று ஊகிக்க முடியாது. மதுரை மணியின் சர்வலகு ஸ்வரம் எங்கே தொடங்குகிறது, எப்போது முடியும் என்று தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்கும் ஓட்டம், தட்டில் அகப்படாத சமாசாரம். அதை நமக்குக் கொடுத்தவை கச்சேரிப் பதிவுகள்தான். வர்ணத்தில் தொடங்கித் துக்கடாக்களில் முடியும் அரியக்குடியின் கச்சேரி பத்ததியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். முழுக் கச்சேரி ஒன்றைக் கேட்கும்போதுதான், எந்தப் பாட்டையும் தேவைக்கு மேல் ஒரு நிமிடம்கூட நீட்டாத அந்தக் கணக்கு புரிகிறது.

இன்னொரு நன்மை, காலம் கடந்து கிடைத்த நியாயம். எம்.டி. ராமநாதனின் விளம்பகாலம் அவர் காலத்தில் எல்லோருக்கும் பிடித்ததாகச் சொல்ல முடியாது. இன்று அவருக்கென்றே ஒரு தனிக் கூட்டம் இருக்கிறது, அதில் பலர் அவரை நேரில் பார்த்ததே இல்லை. ராம்நாட் கிருஷ்ணனுக்கு அமெரிக்காவின் நான்சச் நிறுவனம் 1960களின் பிற்பகுதியிலேயே எல்.பி. வெளியிட்டது. இங்கே அவர் பெயர் இளைய ரசிகர்களிடம் பரவியதோ பெரிதும் வீட்டுப் பதிவுகளால். டி. பிருந்தாவின் பதங்களுக்கும் இதே கதைதான்.

சரி, குறைகளுக்கு வருவோம். முதல் குறை, டேப் விலையில் இருந்து வந்தது. டேப் விற்ற விலைக்கு யாரும் மனம்போல் ஓடவிட மாட்டார்கள். சி-90 கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். பிரதான கிருதி முடிந்து மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்தைத் தொடங்கியதும், பதிவு செய்பவர் பொத்தானை அழுத்தி நிறுத்திவிடுவார். பாதியில் பக்கம் தீர்ந்தாலும் பலியாவது தனிதான். கோர்வை முடிந்து பாடகர் பல்லவியை எடுக்கும் இடத்தில் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு பதிவு மறுபடி உயிர் பெறும். இந்த 'டக்'கைக் கேட்காத பழைய பதிவு ரசிகர் இருக்க முடியாது. பழனி சுப்பிரமணிய பிள்ளை மிருதங்கம் வாசித்த கச்சேரிகளோடு ஒப்பிட்டால் நமக்குக் கேட்கக் கிடைக்கும் அவருடைய தனிகள் கைப்பிடியளவு. பிறகு நாமே, அந்தக் காலக் கச்சேரிகளில் சாகித்தியம்தான் பிரதானம், லயம் அடக்கமாகப் பின்னால் இருந்தது என்று சித்தாந்தம் பேசுகிறோம். அடக்கியது பொத்தான்.

இரண்டாவது, வேகம். ஸ்பூல் மோட்டார் தளர்ந்தோ, பிரதி எடுத்த கருவி முறுக்கேறியோ இருந்தால், சுருதியும் காலமும் சேர்ந்தே மாறும். ஆறு சதவீதம் வேகம் கூடினால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிவிடும், ஒரு மணி நேரக் கச்சேரியில் மூன்றரை நிமிடம் காணாமல் போகும். குரல் மெலிந்து பளபளப்பாகும், பிருகாக்கள் மின்னலாகத் தெறிக்கும். 'இந்த வேகம் இப்போ யாருக்கு வருது?' என்று யூடியூப்பில் கீழே ஒருவர் உருகி எழுதியிருப்பார். அவர் உருகுவது பாதி மோட்டாருக்கு. எதிர்ப்பக்கமும் உண்டு. எம்.டி.ஆர். இயல்பாகவே தாழ்ந்த சுருதிக்காரர் என்பதால், டேப் தளர்ந்து இன்னும் தாழ்ந்தாலும் யாருக்கும் சந்தேகம் வராது.

இதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய பதிவுகளின் அடியில் லேசாக ஒரு 'ம்ம்' ஓடிக்கொண்டிருக்கும், அது மின்கம்பியிலிருந்து புகுந்தது. இலவச மென்பொருள் ஒன்றில் அதை அளந்து 53 என்று வந்தால், பதிவு ஆறு சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று பொருள். பிற்காலப் பிரதிகளின் 'ம்ம்' மேலே ஏறி உட்கார்ந்து குழப்புவதும் உண்டு. ஆகவே அதே பாடகரின் அதே காலத்து வேறு பதிவுகளின் சுருதியோடும் ஒப்பிட வேண்டும். அரை மணி நேர வேலை. வலையேற்றுகிறவர்களில் இதைச் செய்பவர்கள் சொற்பம்.

அவர்கள் ஆர்வமாகச் செய்வது சுத்தப்படுத்துதல். இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட வெறுக்கிறேன். இரைச்சலை நீக்கும் மென்பொருள், மாறாமல் சீராக ஒலிப்பதை இரைச்சல் என்று கருதும். தம்பூராவும் சீராகத்தானே ஒலிக்கிறது! இரைச்சலோடு தம்பூராவும் தேய்ந்து, குரலின் கார்வை உதிர்ந்து, தண்ணீருக்கடியில் பாடுவது போல ஒன்று மிஞ்சும்.

மூன்றாவது குறையைத் தொழில்நுட்பத்தால் தீர்க்க முடியாது. ஸ்பூல் கருவி யார் வீட்டில் இருந்தது? வசதியும் வித்துவான்களோடு பழக்கமும் உள்ள ரசிகர்கள் வீட்டில், பெரும்பாலும் சென்னை போன்ற நகரங்களில். அவர்கள் போன இடமெல்லாம் பாட்டுக் கச்சேரி. கோயில் வீதியில் சுவாமி புறப்பாட்டின்போது விடிய விடிய வாசித்த நாகஸ்வரத்தை யார் பதிவு செய்தார்கள்? டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை மணிக்கணக்கில் கேட்டவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். நமக்கு வாய்த்தது இசைத்தட்டில் சில நிமிடங்கள், அதற்கு மேல் கொஞ்சம். அந்தச் சில நிமிடங்களே தோடிக்கு இலக்கணமாக இன்றும் நிற்கின்றன என்றால் இழந்தது எவ்வளவு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். நம் கையில் இருக்கும் 'பொற்காலம்' வாய்ப்பாட்டுப் பொற்காலம், அதிலும் மைக்கு முன்னால் இருந்தவருடையது. பக்கவாத்தியங்கள் எங்கோ அடுத்த அறையில் கேட்கின்றன.

கற்கும் மாணவர்களுக்கு வேறோர் ஆபத்து. ஒரு மாலையில், ஒரு மனநிலையில், ஒருவேளை தொண்டை கட்டிய நிலையில் ஒருவர் பாடிய சங்கதி, பதிவாகிவிட்டதாலேயே பாடாந்தரம் ஆகிவிடுகிறது. அவரே மறுநாள் வேறு மாதிரி பாடியிருப்பார். ஒரே கிருதிக்கு ஒருவரிடமிருந்தே மூன்று பதிவுகளைக் கேட்டுவிட்டுப் பாடம் பண்ணுகிற பிள்ளைக்கு இந்த ஆபத்து இல்லை. ஒன்றையே நூறு தடவை கேட்பவரிடம் வருவது நகல்.

எல்லாப் பதிவுகளும் இப்படிக் கைக்குக் கை உலவுவதில்லை. மியூசிக் அகாடமியின் டேக் காப்பகம் போன்ற இடங்களில் உள்ளே உட்கார்ந்து கேட்கத்தான் முடியும், பிரதி கிடைக்காது. ரசிகர்களுக்கு இது எரிச்சல். ஆனால் வாட்ஸ்அப்பில் ஊர் தவறி, ஆண்டு தவறி, வயலின்காரர் பெயர் மாறி வந்து சேரும் கோப்புகளைப் பார்க்கும்போது, காப்பகத்தின் கெடுபிடியே தேவலை என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன ஸ்பூல்கள் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், பூஞ்சணம் பிடிக்கும் முன்னால் இறக்குங்கள். பெட்டியின் மேல் பேனாவால் எழுதியிருப்பதை முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுங்கள், இரைச்சலை நீக்கச் சொல்லாதீர்கள். வலையேற்றும்போது தேதி, இடம், பக்கவாத்தியக்காரர்கள் பெயர் மூன்றையும் போடுங்கள், தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். தனி இருந்தால் தயவுசெய்து வெட்டாதீர்கள். இப்போது டேப் செலவு கிடையாது.