ஹைதராபாத் கண்ட கணக்கு

இயற்கையைக் கணக்கால் பிடிக்கும் மரபில் பள்ளிகள் பல. ஒன்றுக்குப் போதுமான சான்று இன்னொன்றுக்குப் போதாது. இந்த வேறுபாட்டைப் பார்க்க ஹைதராபாத் நல்ல இடம்.

நவாப் ஜாஃபர் ஜங் 1901இல் நிறுவிய நிஜாமியா வானாய்வுக்கூடம் பின்னர் பேகம்பேட்டில் நிலைகொண்டது. உலக வானாய்வுக்கூடங்கள் வானத்தைப் பங்குபோட்டு விண்மீன் அட்டவணை தயாரித்தபோது, தென்வானின் ஒரு பட்டை ஹைதராபாத்துக்கு வந்தது. விண்மீன்களைப் படம்பிடித்த கண்ணாடித் தகட்டில் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் கட்டங்கள் பதிந்திருக்கும். வானில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு, தகட்டில் ஒரு மில்லிமீட்டர். நுண்ணோக்கி வழியே ஒவ்வொரு புள்ளிக்கும் நெடுக்கில் ஓர் எண், குறுக்கில் ஓர் எண் குறித்து, இரண்டையும் வானத்து ஆயங்களாக மாற்ற வேண்டும். லட்சக்கணக்கான விண்மீன்களுக்கு இதே வேலை. பிழை எவ்வளவு குறைவு என்பதே இங்கே தரம். இந்தப் பொறுமைக்கு உரிய மரியாதையை நாம் இன்னும் தரவில்லை.

அந்தக் கூடத்தில் பணியாற்றியவரின் மகன்தான் வைணு பாப்பு. காவலூர் வானாய்வகம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. ஒலின் வில்சனோடு சேர்ந்து 1957இல் அவர் வெளியிட்ட தொடர்பு அபாரமானது. குளிர்ந்த விண்மீனின் நிறமாலையில், கால்சியக் கோட்டின் நடுவே மெல்லிய ஒளிர்வு தெரியும். அதன் அகலத்தின் மடக்கையையும் விண்மீனின் உண்மைப் பிரகாச எண்ணையும் வரைபடத்தில் போட்டால் நேர்கோடு விழுகிறது. அகலத்தை அளந்தால் பிரகாசம் கிடைக்கும், அதிலிருந்து தூரம். ஏன் நேர்கோடு என்ற தேடல் பிறகுதான் தொடங்கியது.

2010 ஆகஸ்டில் சர்வதேசக் கணித மாநாடு முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தது, இதே ஊருக்கு. மேடையேறியது நேர் எதிர்ப் பள்ளி. ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற நால்வரில் இருவர், இயற்பியலாளர்கள் முன்பே சொல்லிவிட்டதை நிறுவியவர்கள். பிளாஸ்மாவில் துகள்கள் மோதாமலே அலை அடங்கும் என்று 1946இல் லாண்டவ் கணித்தார். ஆனால் அது எளிமையாக்கிய சமன்பாட்டில். முழுச் சமன்பாட்டிலும் சிறு கலக்கங்கள் அப்படியே அடங்கும் என்று செட்ரிக் வில்லானி, கிளமான் மூவோவோடு சேர்ந்து நிறுவினார்.

தெரிந்ததை நிறுவி என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. விதி எதுவரை செல்லும் என்பதை நிறுவல்தானே சொல்கிறது!

ஸ்தனிஸ்லாவ் ஸ்மிர்னோவின் பதக்கம் இதற்குச் சரியான சாட்சி. நுண்துளைப் பொருளில் நீர் ஊடுருவி மறுபக்கம் சேரும் வாய்ப்புக்கு ஜான் கார்டி 1992இல் ஒரு சூத்திரம் தந்தார். முக்கோணக் கட்டத்தில் அது சரியென்று ஸ்மிர்னோவ் 2001இல் காட்டினார். சதுரக் கட்டத்திலும் கணினிச் சோதனைகள் அதே விடையைத்தான் தருகின்றன. நிறுவல் இன்னும் கிடைக்கவில்லை.