புத்தகம் சொன்னபடியே செய்தும் ஏன் பிழை வருகிறது?



பைத்தான் என்னும் நிரலாக்க மொழியைச் சொந்தமாகக் கற்க விரும்புகிறவர்களிடையே புகழ்பெற்ற நூல் ஒன்று உண்டு. செட் ஷா எழுதிய 'லேர்ன் பைத்தான் தி ஹார்ட் வே'தான் அது. அதன் மூன்றாம் பதிப்பு 2013இல் வந்தது. இணையத்திலும் பல ஆண்டுகள் இலவசமாகப் படிக்கக் கிடைத்தது. அண்ணன் பயன்படுத்திய பிரதி தங்கை கைக்கு வருவதும் இயல்புதான். அந்தப் பழைய பதிப்பை ஒரு மாணவி இன்று திறந்தால் என்ன நடக்கும்? 'தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை?' என்று நினைக்கலாம். நம் அலமாரிக்கும் இதில் பங்கு இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

முதலில் நூலின் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். மொத்தம் 52 பயிற்சிகள். விளக்கம் குறைவு, கைவேலை அதிகம். கொடுத்த நிரலை ஓர் எழுத்துப் பிசகாமல் மாணவரே தட்டச்சு செய்ய வேண்டும். வெட்டி ஒட்டக் கூடாது. ஓட்டிப் பார்த்தால் திரையில் என்ன வர வேண்டும் என்பதையும் நூலே காட்டும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று மாணவரே சரிபார்க்கலாம். அகரத்தை எழுதி எழுதிப் பழக்குகிறோமே, அதே வழிதான். வகுப்பறையில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. இந்த முறை முழுக்க நம்பிக்கையில் நிற்கிறது. நூல் சொல்வது சரி, விடை மாறினால் தவறு உன்னுடையது. ஆனால் மூன்றாம் பதிப்பு பைத்தான் 2க்காக எழுதப்பட்டது. பைத்தான் 3 டிசம்பர் 2008இலேயே வந்துவிட்டது. பைத்தான் 2க்கான ஆதரவு 1 ஜனவரி 2020இல் முடிந்தது. மாணவி இன்று பதிவிறக்கம் செய்வது பைத்தான் 3. பெயர் ஒன்றுதான், ஆனால் இலக்கணம் மாறிவிட்டது.

முதல் பயிற்சியிலேயே இடிக்கும். 'பிரிண்ட்' கட்டளைக்குப் பின் அடைப்புக்குறி இல்லாமல் எழுதச் சொல்கிறது பழைய நூல். இன்றைய பைத்தான் அதை ஏற்காது. ஆனால் 'அடைப்புக்குறி விடுபட்டிருக்கிறது' என்ற பொருளில் பிழைச்செய்தி காட்டும். இது நல்ல பிழை. நிதானமாகப் படித்தால் தப்பித்துவிடலாம்.

பயனரிடம் பதில் வாங்கும் பயிற்சி வரும்போது நிலைமை மோசமாகும். நூல் 'ரா இன்புட்' என்ற கட்டளையைத் தரும். பைத்தான் 3இல் அது வெறும் 'இன்புட்' ஆகிவிட்டது. பிழைச்செய்தியோ 'இந்தப் பெயர் வரையறுக்கப்படவில்லை' என்று மட்டும்தான் சொல்லும். பிள்ளை புத்தகத்தைப் பார்ப்பாள், திரையைப் பார்ப்பாள். எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கும். "டீச்சர், எனக்கு இது வராது போல" என்று சொல்வது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது வகைப் பிழை இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அது சத்தமே போடாது. மூன்றாம் பயிற்சியில் கோழி, சேவல், முட்டை எண்ணும் கணக்கு வருகிறது. முட்டைக் கணக்கின் விடை 7 என்கிறது நூல். அடைப்புக்குறியைச் சேர்த்து ஓட்டினால் இன்றைய கணினி 6.75 என்கிறது. ஆறே முக்கால் முட்டை! காரணம் எளிது. கணக்கின் நடுவே 1ஐ 4ஆல் வகுக்கும் இடம் உண்டு. பைத்தான் 2 முழு எண்களை வகுத்தால் பின்னத்தை விட்டுவிடும், அதனால் கால் என்பது சுழியம் ஆகிவிட்டது. பைத்தான் 3 அதை 0.25 என்றே வைத்துக்கொள்கிறது. நிரல் ஓடும், பிழைச்செய்தி வராது, விடை மட்டும் மாறும். எது சரி என்று தொடக்கநிலை மாணவிக்கு எப்படித் தெரியும்?

நியாயமாகச் சொன்னால், 2013இல் பைத்தான் 2ஐத் தேர்ந்தெடுத்தது பிழையில்லை. அப்போது பலரும் அதில்தான் வேலை செய்தார்கள். ஆனால் நவம்பர் 2016இலும் புதியவர்கள் பைத்தான் 3ஐக் கற்க வேண்டாம் என்று செட் ஷா கட்டுரை எழுதினார். அதில் எழுத்துச் சரங்களைக் கையாள்வது தொடக்கநிலையினருக்குக் கடினம் என்பதும் ஒரு காரணம். இங்கேதான் நான் அவரோடு முரண்படுகிறேன். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். யுனிகோட் யுடிஎஃப்-8 முறையில் எழுதிய சாதாரணச் சரத்துக்கு பைத்தான் 2 சொல்லும் விடை 15; அது பைட்டுகளை எண்ணுகிறது. பைத்தான் 3 சொல்வது 5. 'மி'யின் இகரக் குறியையும் 'ழ்' எழுத்தின் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. நம் இலக்கணப்படி 3. புதியதும் முழுமை இல்லைதான். ஆனால் 5இலிருந்து 3ஐ மாணவிக்கு விளக்கிவிடலாம், 15ஐ எப்படி விளக்குவது? ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவருக்குப் பழையது எளிதாகத் தெரிந்திருக்கலாம். நம் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. அவரே 2017இல் பைத்தான் 3க்கான பதிப்பை வெளியிட்டார். கற்க விரும்புகிறவர்கள் அதையே எடுங்கள். பயிற்சி முறை அதேதான்.

இப்போது நம் அலமாரி. எஸ்.பி.எம். தேர்வின் கேள்வி வடிவம் 2021இல் மாறியது. பிடி3 தேர்வு 2022இல் நிறுத்தப்பட்டது. அவற்றுக்கான பழைய பயிற்றிகளை நாமும் புலனக் குழுக்களில் பகிர்ந்துகொண்டுதான் இருக்கிறோம், பல வேளைகளில் ஆண்டுகூடப் போடாமல். பழைய பயிற்றியில் நல்ல பயிற்சி இருக்கும், அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆனால் முதல் பக்கத்தில் ஆண்டையும் எந்தத் தேர்வு வடிவத்துக்கானது என்பதையும் எழுதுங்கள். கொடுப்பதற்கு முன் முதல் மூன்று பயிற்சிகளையாவது நாமே செய்து பார்ப்போம்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று. சொன்னபடியே செய்தும் விடை வரவில்லையா? 'நான் மக்கா?' என்று கேட்பதற்கு முன்னால் 'இந்தப் புத்தகம் எந்த ஆண்டு?' என்று பாருங்கள்.