வீடணன் புலம்பல்: சான்றும் கண்ணீரும்

கம்பராமாயணத்து வீடணனை நாம் பெரும்பாலும் அடைக்கலப் படலத்தோடு நிறுத்திவிடுகிறோம். வைணவ மரபு அவனைச் சரணாகதிக்கு எடுத்துக்காட்டாக்கியது. 1946இல் வெளிவந்த புலவர் குழந்தையின் இராவண காவியமோ அவனை இனத்தைக் காட்டிக்கொடுத்தவனாகக் கண்டது. பட்டிமன்ற மேடைகள் 'கும்பகருணனா, வீடணனா' என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டன. இந்நோக்குகள் எவற்றிலும், இராவணன் வதைப் படலத்தில் தமையன் உடல்மீது விழுந்து அவன் அழும் அழுகைக்கு உரிய இடமில்லை. அடியவனுக்கு அது வேண்டாதது. துரோகிக்கு அது நடிப்பு. கம்பர் இவ்விரண்டையும் மனங்கொள்ளவில்லை என்பதே நம் கருத்து.

அழுகைக்கு முன் நிகழ்வதை முதலில் நோக்க வேண்டும். வீழ்ந்து கிடக்கும் இராவணனின் முதுகில் புண்ணின் வடுவைக் காண்கிறான் இராமன். புறமுதுகிட்டவனையா வென்றோம் என்ற ஐயம் எழுகிறது. தன் வெற்றியே சிறுத்துவிட்டதாக நாணுகிறான். அதற்கு விடை கூறுபவன் வீடணன். திசை யானைகளோடு பொருதபோது மார்பில் பாய்ந்து முறிந்து தங்கிய கொம்புகள், அனுமனின் குத்தினால் முதுகுப்புறம் வெளிப்பட்டதால் வந்த வடு அது என்கிறான். தமையனைப் பிரிந்து பகைவர் பாசறை சேர்ந்தவன், அப்பாசறையில் நின்றே தமையனின் வீரத்திற்குச் சான்று பகர்கிறான். இராவணன் மார்பின் வரலாற்றை அறிந்தவர் அங்கு வேறு எவருளர்? உடன்பிறந்தவனுக்கே கைவரும் அறிவு அது. ஐயம் நீங்கிய பின்னரே இராமன் இறுதிக் கடன்களைச் செய்யுமாறு பணிக்கிறான். அதன் பின்னரே புலம்பல் தொடங்குகிறது. இவ்வரிசை தற்செயலானதன்று.

புலம்பலில் 'அண்ணா' என்னும் விளி அடுக்கி வருகிறது. எனினும் அது புகழ்மாலையாக அமையவில்லை. உண்டால்தான் நஞ்சு கொல்லும், சானகி என்னும் நஞ்சோ கண்டதற்கே கொன்றுவிட்டது என்கிறான். நான் அன்று சொன்னதை இன்றேனும் எண்ணிப் பார்க்கிறாயா, என்மீது கொண்ட சினம் ஆறிற்றா என்று வினவுகிறான். இவ்வினாவே புலம்பலின் உயிர்நிலை. உயிரோடு இருந்தபோது தீராத வழக்கை இறந்தவனிடம் கேட்கிறான். விடை வராது என்பதை அறிந்தே கேட்கிறான். கணவனை இழந்த சூர்ப்பணகை தன் பழியைத் தீர்த்துக்கொண்டாளோ என்று தங்கையையும் இழுக்கிறான். குடும்பத்துப் பழைய பகையெல்லாம் சாவு வீட்டில் வெளிவருவது நாம் அறியாததா?

போரையும் கலையையும் புகழையும் தழுவிய கைகள் இறுதியில் மண்மகளைத் தழுவின என்னும் பாடலில், யானைக் கொம்பை முறித்த மார்பு மீண்டும் வருகிறது. இராமனிடம் சான்றாக உரைத்தது இங்குத் துயராக மாறுகிறது. 'பித்தன்' என்று பழிக்கும் அதே பாட்டில்தான் அம்மார்பின் பெருமையும் இடம்பெறுகிறது. பழியையும் பெருமையையும் பிரித்தெடுக்க அவனால் இயலவில்லை. கம்பரும் பிரித்துக் காட்ட முயலவில்லை.

வான்மீகத்தில் வீடணன் புலம்பிய பின், பிறர்மனை நயந்தவனுக்கு ஈமக்கடன் செய்யத் தயங்குகிறான். பகைமை சாவோடு முடிந்தது என்று இராமன் தெளிவிக்க வேண்டியிருக்கிறது. கம்பரின் வீடணனிடம் அத்தயக்கம் இல்லை. தேற்றும் பணி இங்குச் சாம்பவானுக்கு உரியது. விதியைக் காட்டி அவன் கூறும் ஆறுதல், முன்வந்த பாடல்களின் வேகத்துக்கு முன் சற்று வெளிறியே தோன்றுகிறது.

தயக்கம் இன்மைக்குக் காரணம் கும்பகருணன் வதைப் படலத்தில் உள்ளது. இராமனிடம் வந்துவிடுமாறு அழைத்த தம்பிக்கு உடன்பட மறுத்த கும்பகருணன், நாங்கள் மாண்டபின் எள்ளும் நீரும் இறைக்க நீயன்றி யார் உளர் என்ற பொருள்படக் கூறி, அவனைத் திரும்பிப் போகச் சொல்கிறான். வீடணன் பிழைத்திருப்பதற்கு இராமன் தந்த காரணம் அரசு; தமையன் தந்த காரணம் நீர்க்கடன். மண்டோதரியும் கணவன் மேல் விழுந்து உயிர்விட, இருவருக்கும் எரியூட்டியபின், மற்றையோர்க்கும் முறைப்படி நீர் உகுத்தான் என்று கம்பர் விரைந்து முடிக்கிறார். கும்பகருணன் பெயரை அங்குத் தனியே சுட்டவில்லை. அவன் தலையோ முன்பே கடலுள் ஆழ்ந்துவிட்டது.