மெட்டுக்குள் இருப்பவர்கள்

இயக்க மேடைகளுக்காகப் பாட்டு கட்டுகிற தோழர்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு: "மெட்டு சொந்த மெட்டா?" சினிமா மெட்டில் எழுதியவன் திருடன். நாட்டார் மெட்டில் எழுதியவன் 'வேர்' உள்ளவன். தானே மெட்டுப் போட்டவன்தான் கலைஞன். இந்தப் படிவரிசை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. 'தனித்துவமான பாணி' படைப்பாளியின் ஆழ்மனதிலிருந்து ஊறி வருவது என்கிற நம்பிக்கை, கவிதை விமர்சனத்தில் அடிபட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. பாட்டு விஷயத்தில் மட்டும் அது சௌக்கியமாக இருக்கிறது.

முறையான சங்கீதப் பயிற்சி இல்லாமல், பாட்டை வயிற்றுப்பிழைப்பாகவும் கொள்ளாமல், கூட்டத்துக்காகவும் ஊர்வலத்துக்காகவும் பாட்டு கட்டுகிறவரையே இங்கு மனதில் கொள்கிறேன். அவர் எப்படித் தொடங்குகிறார்? காதில் ஏற்கெனவே கிடக்கிற ஒரு மெட்டைத் 'தனனனா' போட்டு முனகிப் பார்க்கிறார். அந்த 'தனனனா'வின் இடத்தில் தன் சொற்களை உட்கார வைக்கிறார். தமிழில் இது ஒளித்துச் செய்யப்பட்ட காரியமில்லை. நாடகப் பாட்டுப் புத்தகங்களிலும் குஜிலிக்கடைக் காலணா நூல்களிலும் தலைப்புக்குக் கீழேயே 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று அச்சடித்திருக்கும். ஸ்வரக் குறிப்பு தேவைப்படவில்லை. வாங்குகிறவரின் காதில்தான் அது இருந்ததே. அந்த ஒரு வரி கடன் ஒப்புதல். கூடவே, இந்தப் பாட்டை எந்தப் பாட்டின் நினைவோடு கேட்க வேண்டும் என்கிற வாசிப்புக் குறிப்பும் ஆகும்.

ஏன் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், மெட்டு காலிப்பானை கிடையாது. அதற்குள் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள்.

கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அச்சேறியது 1860களின் தொடக்கத்தில். பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தை அவர் உள்ளே கொண்டுவந்தார்: பார்ப்பன ஆண்டை. சிதம்பரம் போக வேண்டுமென்று கேட்ட நந்தனை இந்த ஆண்டை சாதியைச் சொல்லி ஏசுகிற பாட்டு கதாகாலட்சேபங்கள் வழியே நாடெங்கும் பரவியது. சுதேசி இயக்கக் காலத்தில் சுப்பிரமணிய பாரதி அதே வர்ணமெட்டை எடுத்துக்கொண்டார். சுயராஜ்யம் கேட்கிற பாரதவாசியை ஆங்கில உத்தியோகஸ்தன் ஏசுவதாகப் பாட்டு எழுதினார். எந்தப் பாட்டின் மெட்டு என்பதையும் மறைக்கவில்லை.

ஆண்டை இருந்த இடத்தில் வெள்ளைக்காரன். நந்தன் இருந்த இடத்தில் 'இந்தியன்'. அரசியல் பாட்டு என்கிற வகையில் கூர்மையான இடப்பெயர்ப்புதான். அதைக் கேட்ட ஒரு மேல்சாதித் தேசியவாதி தன் வீட்டில் கேட்டுப் பழகிய வசவின் ராகத்திலேயே, ஏச்சு வாங்குகிற இடத்தில் தான் நிற்பதைக் காண்கிறான். ஆனால் மெட்டுக்குள் இருந்த நந்தன் எங்கே போனான்? அவன் பட்ட அவமானம் 'தேச'த்தின் அவமானத்துக்கு உவமையாகிவிட்டது. உவமையானதும் ஆள் காணாமல் போய்விட்டான். ஆண்டையும் ஏசப்படுகிற 'இந்தியர்'களில் ஒருவனாகத் தப்பிவிட்டான். தேசியம் என்கிற பெருங்கதையாடல் செய்தது என்ன என்பதை விளக்கப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். இங்கே ஒரு மெட்டு மாற்றத்திலேயே அது நடந்து முடிந்திருக்கிறது. இதைப் பாரதியைப் பழிப்பதற்காகச் சொல்லவில்லை. மெட்டைக் கடன் வாங்கும்போது யாருடைய இடத்தில் யாரை உட்கார வைக்கிறோம் என்பதே அரசியல் என்று சொல்வதற்காகச் சொல்கிறேன்.

'சொந்தம்', 'கடன்' என்கிற எதிர்வும் வரலாற்றில் நிற்பதில்லை. பண்ணைப்புரம் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் சினிமா மெட்டுக்களில் பாட்டு கட்டிப் பாடியவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களிடையே அவர் பாடியது இன்றும் பேசப்படுகிறது. அவரோடு ஊர் ஊராகப் போய் ஆர்மோனியம் வாசித்த தம்பிதான் இளையராஜா. வரதராசன் 1973இல் இறந்தார். 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. சினிமா மெட்டு கட்சி மேடைக்குப் போய், அந்த மேடையில் பழகிய காது சினிமாவுக்கு வந்து, அந்தச் சினிமாவின் மெட்டுக்களை அடுத்த தலைமுறை வீதிப் பாடகன் மறுபடி எடுத்துக்கொண்டான். இந்தச் சுற்றில் எந்த இடத்தில் நின்று இதுதான் 'அசல்' என்று கோடு போடுவது? அதே இளையராஜா 2017இல் தன் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாதென்று எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். உழைத்தவருக்கு உரிமை வேண்டும், சரி. ஆனால் 'இன்ன மெட்டு' என்று எழுதுவது கடன் ஒப்புதலாக இருந்தது போய்க் குற்ற ஒப்புதலாகிற காலத்துக்கு வந்துவிட்டோம் என்பதும் உண்மை.

அப்படியானால் பாணி எங்கே உருவாகிறது? கடன் வாங்கிய மெட்டு தன் வாயில் மக்கர் பண்ணுகிற இடத்தில் என்று நினைக்கிறேன். 'உலகமயமாக்கல்' என்கிற சொல்லை மெட்டில் வைத்துப் பாருங்கள். முதலில் ஐந்து குறில் வரிசையாக ஓடுகிறது. பாடகர் மூச்சு வாங்கும்போது சொல் இரண்டாக உடைகிறது. கட்டுரைத் தமிழை அப்படியே ஏற்றினால் கூட்டம் கை தட்டும், கூடப் பாடாது. பாட்டு கட்டுகிறவர் 'போகிறோம்' என்பதைப் 'போறோம்' ஆக்குகிறார். நடுவில் ஒரு 'ஏலே' போடுகிறார். நாலு சுரத்துக்கு மேல் தன் குரல் எட்டாதென்று சரணத்தை இறக்கிக் கட்டுகிறார். திரும்பப் பாட ஆட்கள் இருப்பதால் வரியைச் சின்னதாக நறுக்குகிறார். இப்படி அவருடைய போதாமையும் கூட்டத்தின் தேவையும் உரசி உரசி மெட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கோணுகிறது. அந்தக் கோணல்தான் அவருடைய பாணி.

இன்குலாப் எழுதி, கே.ஏ. குணசேகரன் ஊரெல்லாம் பாடிப் பரப்பிய 'மனுசங்கடா' பாட்டை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். தலைப்புச் சொல்லின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். 'டா' என்பது ஆண்டை தலித்தைக் கூப்பிட்ட விளி. நந்தனை ஏசிய பாட்டிலும் பாரதியின் பாட்டிலும் மேலிருந்து கீழே வந்த ஏச்சு இங்கே திருப்பி எறியப்படுகிறது. உவமையாக்கப்பட்டுக் காணாமல் போனவன், ஏசப்பட்டவனின் இடத்திலிருந்தே பன்மையில் பேசுகிறான். எழுத்துத் தமிழில் 'மனிதர்கள் நாங்கள்' என்று எழுதியிருந்தால் அது ஒரு மனிதநேய அறிக்கையாகியிருக்கும்.

இன்று பாட்டு கட்டுகிறவருக்கு வேறொரு ஆபத்து இருக்கிறது. சில கீபோர்டுகளில் 'ஸ்டைல்' என்றே ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் தாளமும் பின்னணியும் தயாராக வரும். செல்போனிலும் 'பறை' என்று பெயர் போட்ட தாளத் துணுக்குகள் கிடைக்கின்றன. காசில்லாத இளைஞருக்கு இது பெரிய வசதி, அதை மறுக்கவில்லை. ஆனால் எந்த ஊர்ப் பிரச்சனைக்குப் பாட்டு கட்டினாலும் ஒரே அடி விழுகிறது. பறையின் ஒலி இருக்கிறது. அடிக்கிற கை இல்லை. நந்தன் உவமையான மாதிரியே பறையடிப்பவரும் 'மண்ணின் மணம்' என்கிற அடையாளமாகிக் காணாமல் போகிறார். 'நாட்டுப்புற'ப் பாணி என்று நாம் மெச்சிக்கொள்வது பல சமயம் இதைத்தான்.

பாட்டு கட்டுகிற தோழர்களுக்குச் சொல்ல இருப்பது சின்ன விஷயம். பழைய குஜிலிப் புத்தகக்காரர் மாதிரி தாளின் தலைப்பில் 'இன்ன மெட்டு' என்று எழுதுங்கள். கீழே, அந்த மெட்டில் இதற்கு முன் யார் யாரிடம் பேசினார்கள், எந்தத் தொனியில் பேசினார்கள் என்று எழுதுங்கள். அதற்கப்புறம் முதல் வரியை எழுதுங்கள்.