கலப்பின் நியாயம்

இசைத்தட்டுகளை ஒன்றோடொன்று கலந்து ஒலிக்கச் செய்வது கலையா, அன்றி வெறும் கைவித்தையா என்ற விவாதம் பழையதாகிவிட்டது. நடனக்கூடத்தில் விடியும்வரை ஆயிரம் பேரை ஆட்டிவைக்கும் டி.ஜே.யைக் கலைஞன் என ஏற்பதற்கு இன்று பலரும் தயங்குவதில்லை. அவர்களுள் முன்னணியில் நிற்போர் பெறும் ஊதியமே அத்தயக்கத்தைப் போக்கிவிட்டது எனலாம். இன்று எழுந்துள்ள வினா வேறு. ஹவுஸ், டெக்னோ, ஜங்கிள், ஹிப் ஹொப் என வெவ்வேறு பெயர் தாங்கிய இசைவகைகளை ஒரே இரவில், ஒரே தொடர்ச்சியில் கலப்பது தகுமா? தகுமெனில், அக்கலப்பின் தராதரத்தை எதனைக் கொண்டு அளப்பது?

இவ்வினாவுக்கு இருவகை விடைகள் அடிக்கடி நம் செவியில் விழுகின்றன. ஒரு சாரார் தூய்மைவாதிகள். டெக்னோ டெக்னோவாகவும் ஹவுஸ் ஹவுஸாகவும் இருத்தல் வேண்டும், கலந்தால் இரண்டும் கெடும் என்பது இவர்கள் வாதம். மற்றைய சாரார், இசைக்கு எல்லையே கிடையாது, எதனையும் எதனோடும் கலக்கலாம், ஆடுவோர் மகிழ்ந்தால் அதுவே போதும் என்பர். முன்னவர் வரலாற்றை அறியாதவர். பின்னவர் அதனை அறிய விரும்பாதவர். இரு கூற்றையும் நாம் ஏற்பதற்கில்லை. ஏன் என்று கூறுமுன் தொழிலின் நுட்பத்தைச் சிறிது நோக்குதல் வேண்டும். நுட்பம் தெரியாமலே கலையைப் பற்றித் தீர்ப்பு வழங்கும் வழக்கம் எம்மவர் விமர்சனத்தில் ஏலவே மலிந்து கிடக்கிறது.

டி.ஜே.யின் முன்னால் இரண்டு இசைத்தட்டுக் கருவிகளும், அவற்றின் ஒலிகளைக் கூட்டவும் குறைக்கவும் நடுவில் ஒரு பலகையும் இருக்கும். ஒரு தட்டு கூட்டத்துக்கு ஒலித்துக்கொண்டிருக்கையில், அடுத்ததை அவன் ஹெட்போனில் தான் மட்டும் கேட்டு, இரண்டினதும் தாளத்தை ஒன்றாக்குகிறான். 1972இல் வெளிவந்து 1979இல் திருத்தியமைக்கப்பட்ட டெக்னிக்ஸ் 1200 என்ற கருவி இதற்கு உற்ற துணையாயிற்று. அதிலுள்ள தள்ளுகோலை நகர்த்தித் தட்டின் வேகத்தை 8 வீதம் கூட்டலாம், 8 வீதம் குறைக்கலாம். ஆனால் வேகம் மாறினால் சுருதியும் மாறும். ஏறத்தாழ 6 வீத வேகம் ஓர் அரைச்சுரத்துக்குச் சமன். ஆகவே தாளத்தைச் சேர்க்கப்போய்ச் சுருதியைக் குலைத்துவிடும் அபாயம் எப்போதும் உண்டு. இன்றைய கணினிகள் வேகத்தையும் சுருதியையும் பிரித்தாள்கின்றன என்பது வேறு கதை. இதனோடு இன்னுமொன்று: இரு பாடல்களின் தாழ்சுரங்கள் ஒருங்கே ஒலித்தால் செவியில் விழுவது இசையன்று, சேறு. எனவே ஒன்றின் அடிநாதத்தைத் தணித்த பின்னரே மற்றதன் அடிநாதத்தை எழவிடுதல் முறை.

ஹவுஸ் நிமிடத்துக்கு 120 முதல் 128 அடிகள் வரை செல்வது. டெக்னோ 130ஐ ஒட்டியும் அதற்கு மேலும் ஓடும். ஜங்கிளின் வழித்தோன்றலான டிரம் அன்ட் பேஸ் 174ஐ எட்டும். 124இல் ஓடும் ஹவுஸை 8 வீதம் விரைவுபடுத்தினால் 134ஐ அடைகிறோம். அதாவது ஹவுஸும் டெக்னோவும் ஒரு தள்ளுகோலின் தூரத்தில் வாழும் அயலவர். 174 அந்த எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆயினும் வழி இல்லாமற் போகவில்லை. நிமிடத்துக்கு 130.5 அடிகளில் ஓடும் டெக்னோ மூன்று அடி நடக்கும் காலத்தில், 174இல் ஓடும் தட்டு சரியாக நான்கு அடி நடக்கும். திஸ்ரத்துக்கும் சதுஸ்ரத்துக்கும் உள்ள உறவாக இதனை நம் மிருதங்க வித்துவான்கள் உடனே இனங்காண்பர். இவ்வுறவை உணர்ந்த டி.ஜே., கூட்டத்தின் கால்கள் தடுமாறாமலே ஒரு வேகத்திலிருந்து மற்றதற்கு அவர்களை அழைத்துச் செல்ல முடியும்.

இவ்வளவும் கணக்கு. இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் இரு தட்டுகளின் தாளத்தையும் யந்திரமே சேர்த்துவிடுகிறது. இதனால் கலையே அழிந்தது என முதியோர் சிலர் புலம்புகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. கணக்கை யந்திரம் செய்யத் தொடங்கிய பின்னர்தான் கலைஞன் தப்பி ஓட இயலாத கேள்வி அவன் முன் நிற்கிறது: இந்தத் தட்டுக்குப் பின் அந்தத் தட்டு ஏன்?

தூய்மைவாதிகளின் கூற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். அவர்கள் காக்க முற்படும் எல்லைகளை வரைந்தவர் யார்? 1988இல் நீல் ரஷ்டன் என்ற பிரித்தானியர் டெட்ரொயிட் நகரின் கறுப்பின இளைஞர்கள் ஆக்கிய இசையை ஒரு தொகுப்பாக இங்கிலாந்தில் வெளியிட முனைந்தார். 'டெட்ரொயிட்டின் ஹவுஸ் இசை' என்ற பொருள்படவே அதற்கு முதலிற் பெயர் சூட்ட எண்ணியிருந்தனர். ஹுவான் அட்கின்ஸ் தமது பாடலொன்றில் டெக்னோ என்ற சொல்லைக் கொண்டுவரவே, தலைப்பு மாறிற்று. சிக்காகோவின் சரக்கிலிருந்து டெட்ரொயிட்டின் சரக்கை வேறுபடுத்திக் காட்ட அப்பெயர் உதவிற்று. இரு நகரங்களின் இசைக்கும் உண்மையான வேற்றுமைகள் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மதிலின் முதற் கல்லை வைத்ததில் சந்தைக்கும் பங்குண்டு என்பதை மதிலின் காவலர்கள் நினைவிற் கொள்ளல் நன்று.

சிக்காகோவின் கதை இதனினும் ஆழமானது. 1979 ஜூலை 12ஆம் நாள், அந்நகரின் கொமிஸ்கி பார்க் மைதானத்தில் இரண்டு பேஸ்போல் ஆட்டங்களுக்கு இடையே டிஸ்கோ இசைத்தட்டுகள் ஒரு பெட்டியில் அடைக்கப்பட்டு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. டிஸ்கோத் தட்டு ஒன்றைக் கொண்டுவருவோருக்கு நுழைவுக் கட்டணம் 98 சதம் மட்டுமே. ரொக் இசை வானொலி அறிவிப்பாளர் ஒருவர் முன்னின்று நடத்திய இக்கேளிக்கை கலகமாக முடிந்து, இரண்டாவது ஆட்டம் கைவிடப்பட்டது. நிகழ்ச்சியில் இனவெறுப்பு எதுவும் இருக்கவில்லை என அதனை நடத்தியவர் பின்னர் பலமுறை கூறியுள்ளார். ஆனால் அன்று அங்கே இருக்கை காட்டும் ஊழியம் பார்த்துக்கொண்டிருந்த வின்ஸ் லோரன்ஸ் என்ற கறுப்பினச் சிறுவன் கண்டது வேறு. மக்கள் கொண்டுவந்தவை டிஸ்கோத் தட்டுகள் மாத்திரமல்ல. கறுப்பினக் கலைஞரின் பிற தட்டுகளும் அக்குவியலில் இருந்தன என அவர் சாட்சியம் கூறியுள்ளார். ஐந்தாண்டுகள் கழித்து, ஹவுஸ் இசையின் முதற் தட்டு எனப் பலராலும் கொள்ளப்படும் 'ஒன் அன்ட் ஒன்' என்ற பாடலை ஜெசி சோண்டர்ஸுடன் சேர்ந்து எழுதியவரும் இதே லோரன்ஸ்தான்.

அதே சிக்காகோவில் 1977 முதல் வெயர்ஹவுஸ் என்ற நடனக்கூடத்தில் பிராங்கி நக்கிள்ஸ் தட்டுகளைக் கலந்துவந்தார். அங்கு ஆட வந்தோரிற் பெரும்பாலார் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சத்தவருமான தன்பாலீர்ப்பினர். நகரின் வேறு வாயில்கள் பல அவர்களுக்கு அடைபட்டிருந்தன. டிஸ்கோவைக் கம்பனிகள் கைவிட்ட பின்னர் அவ்வகையிற் புதிய தட்டுகள் அருகின. நக்கிள்ஸ் பழைய பாடல்களை ஒலிநாடாவில் வெட்டி ஒட்டி நீட்டினார்; ஐரோப்பிய யந்திர இசையை அருகில் வைத்தார்; பின்னர் தாள யந்திரத்தையும் சேர்த்துக்கொண்டார். வெயர்ஹவுஸ் என்ற பெயரின் பிற்பாதியே ஹவுஸ் என்ற வகையின் பெயராயிற்று என்பர். எனவே ஹவுஸ் தோன்றிய பின் அது கலக்கப்பட்டது என்பதைவிட, கலந்ததனாலேயே அது தோன்றிற்று என்பதே பொருந்தும். பற்றாக்குறையும் புறக்கணிப்பும் ஒரு கலைஞனின் கையில் புதிய வடிவமாக மாறிய இந்நிகழ்ச்சியை அறிந்த எவரும் ஹவுஸின் தூய்மையைப் பற்றிப் பேசக் கூசுவர்.

இனி, எதனையும் எதனோடும் கலக்கலாம் என்போர். இவர்களது கொள்கைக்குச் சிறந்த சாட்சியாக எடுத்துக்காட்டப்படுவது, பெல்ஜியத்தின் டெவாலே சகோதரர் 'டூ மெனி டிஜேஸ்' என்ற பெயரில் 2002இல் வெளியிட்ட கலப்புத் தொகுப்பு. ஸ்டூஜஸ் குழுவின் முரட்டு ரொக் இசைமீது சோல்ட் அன்ட் பெப்பா பெண்களின் குரல் ஏறி நிற்கிறது. கேட்டதும் சிரிப்பு வருகிறது. இவை இரண்டும் இங்கே எப்படிச் சந்தித்தன என வியப்பு எழுகிறது. இரண்டாம் முறை கேட்கையில் வியப்புக் குறைகிறது. நான்காம் முறை எஞ்சுவது சாமர்த்தியம். இச்சகோதரரின் திறமையை நாம் குறைத்து மதிக்கவில்லை. அவர்களுடைய தொகுப்பிலேயே ஓரிடம் இவ்விகடத்தைக் கடந்து செல்கிறது. காலை முதல் மாலை வரை பிறருக்கு உழைத்துத் தேய்வதைப் பற்றி டொலி பார்ட்டன் 1980இல் பாடிய 'நைன் டு பைவ்' பாடலை, நோர்வே நாட்டு ரொய்க்சொப் குழுவின் மென்மையான மின்னிசைமீது வைத்திருக்கிறார்கள். வேலைநாளின் பாட்டு ஓய்விரவின் நடனத்துக்குள் நுழைகிறது. அந்தக் கூட்டத்திற் பலர் மறுநாட்களில் அதே கடிகாரத்துக்குத் திரும்ப வேண்டியவர்கள். இங்கே சிரிப்போடு வேறொன்றும் எழுகின்றது. சகோதரர் இதனைக் கருதியே செய்தார்களோ அல்லவோ, அக்கலப்பில் ஒரு பொருள் பிறந்துவிட்டது.

நல்ல கலப்புக்கு நாம் காட்டவிரும்பும் உதாரணம் ஜெப் மில்ஸ். டெட்ரொயிட்காரரான இவர் 1980களில் அந்நகர வானொலியில் 'விஸார்ட்' என்ற புனைபெயரில் தட்டுகளைச் சுழற்றியவர். அது வானொலி நிலையங்கள் இன்னாருக்கு இன்ன இசை என வகுத்து வைத்திருந்த காலம். அதே நகரின் வானொலியில் 'எலெக்ரிபையிங் மோஜோ' என அறியப்பட்ட அறிவிப்பாளர் அவ்வகுப்பை மீறி, கறுப்பினத்தவரின் பங்க் இசையையும் பிரின்ஸையும் ஜேர்மனியின் கிராப்ட்வேர்க் குழுவையும் ஒரே இரவில் ஒலிபரப்பினார். அவற்றைக் கேட்டு வளர்ந்த தலைமுறையே டெக்னோவை ஆக்கிற்று.

மில்ஸ் 1995இல் டோக்கியோவின் லிக்விட் ரூம் நடனக்கூடத்தில் நிகழ்த்திய கலப்பு மறுவருடம் இறுவட்டாக வெளிவந்தது. மூன்று இசைத்தட்டுக் கருவிகள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பொழுதில் முப்பதுக்கும் மேற்பட்ட தட்டுகள். டெட்ரொயிட்டின் இறுகிய டெக்னோவோடு சிக்காகோவின் முரட்டு ஹவுஸும் வருகிறது. அவசரம் எங்கும் தெரிகிறது. தாளம் சில இடங்களில் வழுக்குவதையும் கேட்கிறோம். திருத்தி மெருகிட்டிருந்தால் இந்த இறுவட்டு பாதி பெறுமதியை இழந்திருக்கும் என்பது நம் துணிபு. டெரிக் மே 1987இல் ஆக்கிய 'ஸ்ட்ரிங்ஸ் ஒவ் லைப்' இக்கலப்பிலே வருகிறது. அத்தட்டுக்குத் தாழ்சுரக் கோவையே கிடையாது. பியானோவும் தந்தியொலிகளும் அந்தரத்தில் நின்று துடிப்பவை. கருகருவென ஓடும் யந்திரத் தாளங்களுக்கிடையே அந்தப் பியானோ எழுகையில், சிக்காகோவையும் டெட்ரொயிட்டையும் பிரித்த தலைப்பெழுத்துகள் மறைந்து, ஒரே தெருவின் இரு வீடுகள் நம் செவிக்குத் தெரிகின்றன. ஆயினும் எந்த வீடு எதுவென்பது மயங்கவில்லை. மில்ஸ் வேற்றுமையை அழித்து ஒற்றுமை காட்டியவரல்லர்.

இத்தகைய செவியைப் பெருவிழா மேடைகளிற் காண்பது அரிது. வாணவேடிக்கையும் ஒளிப்படங்களும் குறித்த நொடியில் வெடிப்பதற்காக முன்கூட்டியே கோத்து வைத்த தொடர்களில், ஐந்து நிமிடத்துக்கு ஓர் இசைவகை கறிக்கு வாசனை தூவுவதுபோல் தூவப்படுகிறது. ஜமேய்க்காக் குரலொன்று வரும். அதற்கு முன்னும் பின்னும் அக்குரலுக்கு உறவில்லை.

உறவு என நாம் கூறுவது யாதென்பதற்கு ஜங்கிளே போதிய சான்று. 1990களின் தொடக்கத்தில் லண்டனில் கரிபியன் குடியேறிகளின் பிள்ளைகளும் அவர்தம் வெள்ளை அயலவரும் உருவாக்கிய இசை அது. மேலே தாளம் இருமடங்கு வேகத்தில் ஓட, கீழே ரெகேயின் தாழ்சுரம் பாதி வேகத்தில் நடக்கும். ஆகவே 87இல் செல்லும் ஹிப் ஹொப் தட்டொன்றை 174இல் செல்லும் டிரம் அன்ட் பேஸ் தட்டோடு சேர்ப்பது எளிது. ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கு. ஆனால் அவற்றிடையே உள்ள உறவு கணக்கோடு நிற்பதன்று. எண்ணற்ற ஹிப் ஹொப் தட்டுகளிலும் ஜங்கிள் தட்டுகளிலும் அடிப்பது ஒரே மனிதனின் கை. வொஷிங்டனைச் சேர்ந்த வின்ஸ்டன்ஸ் என்ற குழு 1969இல் வெளியிட்ட 'ஆமென், பிரதர்' என்ற பாடலில், மற்றைய வாத்தியங்கள் ஓய, கிரெகரி கோல்மன் ஏறத்தாழ ஏழு விநாடிகள் தனித்து முழவு வாசிக்கிறார். அவ்வேழு விநாடிகள் வெட்டப்பட்டு, வேகம் மாற்றப்பட்டு, ஆயிரக்கணக்கான தட்டுகளில் இடம்பெற்றன. மெதுவான தட்டிலிருந்து விரைவான தட்டுக்குக் கூட்டத்தை அழைத்துச் செல்லும் டி.ஜே., பல வேளைகளில் கோல்மனிடமிருந்து கோல்மனிடமே அழைத்துச் செல்கிறான். இதனை அறிந்து செய்பவனின் கை சேரும் இடத்தில் சற்றுத் தாமதிக்கும்; மற்ற ஒலிகளைத் தணித்து, அந்த முழவு இரு வேகங்களிலும் தனித்துக் கேட்க விடும்.

2015இல் பிரித்தானிய இரசிகர்கள் சிலர் பணம் திரட்டி, வின்ஸ்டன்ஸ் குழுத் தலைவரான ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 24,000 பவுண் வழங்கினர். அதுவரை அவ்வேழு விநாடிகளுக்காக அவருக்கு உரிமைப்பணம் எதுவும் வந்திருக்கவில்லை. முழவை வாசித்த கோல்மன் 2006இலேயே, வீடற்ற வறியவராக மறைந்துவிட்டிருந்தார்.